நிரந்தர வேலை, தற்காலிக ஊழியர்: நீதிமன்றங்களின் உள்ளே ஒரு கோரிக்கை

(பெங்களூரில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று இக்கூட்டத்தில் என்னோடு பேசுவதற்கு இன்னொருவரும் வந்திருக்க வேண்டும். அவர் வரவில்லை. பதினோரு ஆண்டுகளாக ஒரு நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை பார்க்கும் பெண் அவர். எந்த ஊர், எந்த நீதிமன்றம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. அதன்பின் இரண்டு நாளோ இரண்டு வாரமோ கழித்து மீண்டும் தொடங்குகிறது. அந்த இடைவெளிக்கு ஊதியம் கிடையாது. ஆனால் இடைவெளியிலும் அவர் அலுவலகத்திற்குப் போகிறார், ஏனென்றால் கட்டுகள் காத்திருக்கின்றன. புதுப்பிக்கும் வேளை நெருங்குகிறது, கூட்டத்தில் யாராவது என்னைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று நேற்று இரவு சொல்லி அனுப்பினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்தப் புதுப்பித்தல் கையெழுத்தில் இருக்கிறது.

ஆகவே அவருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன்.

நீதிமன்றம் என்றால் நம் நினைவுக்கு வருவது நீதிபதியும் வழக்கறிஞரும்தான். அதை ஒரு தொழிலிடமாக நாம் பார்ப்பதில்லை. ஓர் ஏழை விவசாயி தன் நிலத்திற்காக ஒரு வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனுவைச் சரிபார்த்து எண் கொடுப்பவர் ஒரு எழுத்தர். எதிர்வாதியின் வீட்டைத் தேடி அழைப்பாணையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அமீனா. வாய்தா நாளில் பெயரைக் கூப்பிடுபவர் டவாலி. சாட்சி சொல்வதை எழுதிக்கொள்பவர் சுருக்கெழுத்தர். கோப்பை வரிசைப்படுத்தி மேசையில் வைப்பவர் பெஞ்ச் கிளார்க். தீர்ப்பான பின் நகல் எடுத்துத் தருபவர் ஒருவர், முப்பது ஆண்டு கழித்தும் அந்தக் கட்டைத் தேடி எடுக்கும்படி ஆவணக் காப்பறையில் அடுக்கி வைப்பவர் ஒருவர். விடிவதற்கு முன் கழிவறையைக் கழுவுபவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எந்த வேலை தற்காலிகமானது? நாட்டின் மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் நாலரைக் கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. இந்த வேலை எந்த மார்ச் 31 அன்று முடியப் போகிறது? வேலை நிரந்தரமானது, அதைச் செய்பவரைத் தற்காலிகம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் இன்று பேச வேண்டிய செய்தி இதுதான்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். பதினோராவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி விரைவு நீதிமன்றங்கள் என்ற திட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது. நாடெங்கும் 1,734 நீதிமன்றங்கள், ஐந்தாண்டுகளுக்கு 502.90 கோடி ரூபாய். திட்டம் 2005 மார்ச் 31 அன்று முடிய வேண்டும். முடியவில்லை. 1,562 நீதிமன்றங்களுக்கு மேலும் ஐந்தாண்டு நீட்டித்தார்கள், பிறகு ஓராண்டு. 2011 மார்ச் 31க்குப் பிறகு மத்திய அரசு கையை உதறிக்கொண்டது. மாநிலங்கள் விரும்பினால் நடத்தட்டும் என்றது. நீதிபதிகளும் ஊழியர்களும் அந்தரத்தில் நின்றார்கள்.

நீதிபதிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பிரிஜ் மோகன் லால் வழக்கில் 2012ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. வழக்கறிஞர்களிடமிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட விரைவு நீதிமன்ற நீதிபதிகள் தேர்வும் நேர்காணலும் எழுதி முறையான நீதித்துறைப் பணிக்குள் வர ஒரு வழி திறக்கப்பட்டது. அவ்வாறு வந்தவர்கள் விரைவு நீதிமன்றத்தில் உழைத்த ஆண்டுகளையும் ஓய்வூதியத்திற்குக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2018இல் மகேஷ் சந்திர வர்மா வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. இந்தத் தீர்ப்புகளை நாம் வரவேற்கிறோம். நியாயமானவை. ஆனால் அதே மன்றத்தில், அதே மின்விசிறியின் கீழ், அந்த நீதிபதி சொல்லச் சொல்ல எழுதிய சுருக்கெழுத்தர் கேட்கிறார்: நான் உழைத்த ஆண்டுகள் எந்தக் கணக்கில் இருக்கின்றன?

இந்தக் கேள்விக்கு விடை தருவதற்குள் அடுத்த திட்டம் வந்துவிட்டது. பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கும் போக்சோ வழக்குகளுக்கும் 2019இல் தொடங்கிய விரைவுச் சிறப்பு நீதிமன்றங்கள். இலக்கு 1,023 நீதிமன்றங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நீதித்துறை அலுவலர், ஏழு ஊழியர். ஓராண்டுத் திட்டமாகத் தொடங்கியது நீட்டிக்கப்பட்டது. 2023இல் 1,952.23 கோடி ரூபாயில் 2026 மார்ச் 31 வரை என்று மீண்டும் நீட்டிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு விரைவாக நீதி கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான நீதிமன்றத்தை ஆண்டுக்கணக்கு நீட்டிப்புகளில் நடத்துவது ஏன் என்றுதான் கேட்கிறோம். நாட்டில் அத்தகைய குற்றங்கள் இன்ன தேதியோடு நின்றுவிடும் என்று எந்த அமைச்சகமாவது கணித்திருக்கிறதா? இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு 2023இல் 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் ஆயிற்று. கணினிகள் வருகின்றன, வரட்டும். அவற்றை இயக்குபவரும் திட்டத்தின் ஆளாகவே இருந்துவிட வேண்டுமா?

'பணியிடம்' என்ற சொல்லின் இடத்தில் 'திட்டம்' என்ற சொல் வந்து அமர்ந்துகொண்டது. பணியிடத்திற்கு ஊதிய விகிதம் உண்டு, பதவி உயர்வு உண்டு, ஓய்வூதியம் உண்டு. திட்டத்திற்கு முடியும் தேதி மட்டுமே உண்டு. நவதாராளமயம் அரசு நிர்வாகத்துக்குள் நுழைந்த வழி இதுவே. தனியார்மயம் என்று பலகை மாட்டிக்கொண்டு அது நீதிமன்றத்திற்குள் வரவில்லை.

சரி, இந்த ஊழியர்கள் யாரிடம் போய் நிரந்தரம் கேட்பது? இங்கேதான் மற்ற துறைத் தொழிலாளிக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. அரசியலமைப்பின் 229ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்ற ஊழியர்களை நியமிப்பவர் தலைமை நீதிபதி. ஆனால் ஊதியம், படி, விடுப்பு, ஓய்வூதியம் பற்றிய விதிகளுக்கு ஆளுநரின், அதாவது மாநில அரசின், ஒப்புதல் வேண்டும். மாவட்ட நீதிமன்றங்களோ 235ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. பணியிடத்தை உருவாக்கிப் பணம் ஒதுக்க வேண்டியது அரசு. ஊழியர் நீதிமன்ற நிர்வாகத்திடம் போனால், அரசு பணியிடம் அனுமதிக்கவில்லை, நாங்கள் என்ன செய்வோம் என்கிறார்கள். அரசிடம் போனால், உங்களை நியமித்தது நாங்கள் அல்ல, நீதித்துறையின் சுதந்திரத்தில் நாங்கள் தலையிட முடியாது என்கிறார்கள். நீதித்துறைச் சுதந்திரம் என்ற உயர்ந்த கோட்பாடு ஒரு தினக்கூலி டவாலியின் கோரிக்கையைத் திருப்பி அனுப்பும் முத்திரையாகப் பயன்படுகிறது.

தொழிலாளர் நீதிமன்றத்திற்குப் போகலாமே என்று ஒரு தோழர் சென்ற வாரம் கேட்டார். இந்த பெங்களூரின் குடிநீர் வாரிய வழக்கில்தான் 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் முன்னின்று எழுதிய ஏழு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு, 'தொழில்' என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுத்தது. மருத்துவமனை, கல்வி நிலையம் எல்லாம் அதற்குள் வந்தன. ஆனால் அரசின் இறையாண்மைப் பணிகள் வெளியே நின்றன, நீதி வழங்குதல் அவற்றில் ஒன்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இறையாண்மைப் பணிகளை விலக்கியே வைத்திருக்கிறது. அதனால் தன் உரிமைக்காக நீதிமன்ற ஊழியர் தட்ட வேண்டிய கதவு அநேகமாக உயர் நீதிமன்றத்தின் கதவு. நியமன அதிகாரமும் அங்கே, தீர்ப்பு சொல்லும் அதிகாரமும் அங்கே.

இப்போது உமாதேவி வழக்கிற்கு வருகிறேன். நிரந்தரம் கேட்டு யார் மனுக் கொடுத்தாலும் திருப்பி அனுப்பும் கடிதத்தில் இந்தப் பெயர் இருக்கும். அது இந்தக் கர்நாடக மண்ணில் பிறந்த வழக்கு என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அதற்கு முன்பு இதே மாநிலத்தில் வேறொரு வரலாறு இருந்தது. தார்வாட் மாவட்டப் பொதுப்பணித் துறையின் எழுத்தறிவுள்ள தினக்கூலி ஊழியர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் ஒரு திட்டத்தை வகுத்துக் கொடுத்தது. மாநிலம் முழுவதும் சுமார் 50,000 தினக்கூலி ஊழியர்கள். அவர்களில் பத்தாண்டு முடித்த 18,600 பேரை 1990 ஜனவரி 1 முதல் உடனடியாக நிரந்தரமாக்க வேண்டும், மற்றவர்களைப் படிப்படியாக எடுக்க வேண்டும் என்றது. ஆகவே, சட்டப்படி முடியாத ஒன்றை நாம் கேட்கவில்லை. ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றமே அதைச் செய்திருக்கிறது.

பதினாறு ஆண்டுகளில் காற்று திசை மாறியது. வணிக வரித் துறையில் 1985-86இல் தினக்கூலியாகச் சேர்ந்து, பத்தாண்டுக்கும் மேல் உழைத்தவர்கள் நிரந்தரம் கேட்டார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 2006 ஏப்ரல் 10 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வின்றி வந்தவர்கள் நீண்ட காலம் வேலை செய்தார்கள் என்பதாலேயே நிரந்தரம் கோர உரிமை இல்லை, நீதிமன்றங்களும் அவ்வாறு உத்தரவிடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

ஆனால் அந்தத் தீர்ப்பின் 53ஆவது பத்தியை அதிகாரிகள் மேற்கோள் காட்டுவதில்லை. அனுமதிக்கப்பட்ட காலிப் பணியிடத்தில், உரிய கல்வித் தகுதியுடன், பத்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர்களை, அவர்களது நியமனம் சட்டவிரோதமாக இல்லாமல் நடைமுறைக் குறை மட்டுமே உடையதாக இருந்தால், ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறை செய்யுங்கள், ஆறு மாதத்திற்குள் அந்த வேலையைத் தொடங்குங்கள் என்று அந்தப் பத்தி சொல்கிறது. பெரும்பாலான துறைகள் அந்த ஆறு மாதத்தை உறங்கியே கழித்தன. ஒருமுறை நடவடிக்கை முடிந்துவிட்டது என்று ஏமாற்ற முடியாது, தகுதியுள்ள கடைசி ஆளையும் பரிசீலிக்கும் வரை அது முடியவில்லை என்று 2010இல் கேசரி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. அதுவும் கர்நாடக வழக்குதான்.

அந்த 53ஆவது பத்தியில் ஒரு முள் இருக்கிறது. அந்தப் பத்தாண்டு, நீதிமன்ற உத்தரவுகளின் பாதுகாப்பு இல்லாமல் கழிந்த பத்தாண்டாக இருக்க வேண்டும். வேலையை விட்டு நீக்க முயன்றபோது இடைக்காலத் தடை வாங்கி வேலையில் தொடர்ந்தவருக்கு அந்த ஆண்டுகள் கணக்கில் வராது. நீதிமன்றத்தை நாடாமல் வாய் மூடி இருந்தவருக்கு ஒரு வழி, நாடியவருக்கு இல்லை. என் பார்வையில் இது அநீதி. அதைவிடப் பெரிய முள், 'அனுமதிக்கப்பட்ட பணியிடம்' என்ற நிபந்தனை. பணியிடத்தை அனுமதிக்காமல் இருப்பது அரசு. பின்பு, பணியிடம் இல்லையே என்று ஊழியரிடம் சொல்வதும் அதே அரசு.

தோழர்களே, இந்த இடத்தில் நமக்கு எதிரான வாதத்தையும் நேர்மையாகச் சந்திக்க வேண்டும். நம் கூட்டங்களில் அதைத் தொடாமல் போகிறோம், அது தவறு. உமாதேவி தீர்ப்பின் மையக் கவலை புழக்கடை நியமனம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டெல்லி தீஸ் ஹசாரி மாவட்ட நீதிமன்றம் தொடர்பான ரேணு வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் நீதிமன்ற நியமனங்களையே எடுத்துப் பேசியது. விளம்பரமின்றி, போட்டியின்றி ஆள் எடுக்கும் உரிமை உயர் நீதிமன்றத்திற்கும் கிடையாது, 14, 16ஆவது பிரிவுகள் அங்கும் செல்லும் என்றது. சரியான தீர்ப்பு. அதிகாரியின் உறவினர், வேண்டியவரின் பிள்ளை என்று தற்காலிகமாக உள்ளே வந்தவர்களும் உண்டு என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

வெளியே பட்டம் பெற்று, தட்டச்சுத் தேர்வில் தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வயது வரம்பைக் கடந்துகொண்டிருக்கும் தலித் இளைஞர் ஒருவர் கேட்பார்: உள்ளே இருப்பவர்களை எல்லாம் நிரந்தரமாக்கினால் எனக்கான இட ஒதுக்கீட்டு இடம் எங்கே? அவரும் நம் தோழர்தான். அவருக்கு நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்?

என் விடை இது. அவருடைய இடத்தை எடுத்துக்கொண்டது அந்தத் தற்காலிகத் தட்டச்சர் அல்ல. இட ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியலோடு நிரப்ப வேண்டிய பணியிடத்தை நிரப்பாமல் விட்டு, அதே வேலையை ஒப்பந்தத்திலும் வெளிமுகமையிலும் செய்துகொள்ளும் அரசுதான் எடுத்துக்கொண்டது. மத்திய அரசுத் துறைகளில் 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கும் இட ஒதுக்கீடு உண்டு என்று ஆணை இருக்கிறது. ஆள் சப்ளை செய்யும் முகவரிடம் போய் அந்தச் சுழற்சிப் பட்டியலைக் காட்டு என்று கேட்டுப் பாருங்கள். ஆகவே நம் கோரிக்கையில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்: உள்ளே ஆண்டுக்கணக்கில் உழைத்த தகுதியுள்ளோரை ஈர்த்துக்கொள்ள வேண்டும், வழக்குச் சுமைக்கேற்பப் புதிய பணியிடங்களை உருவாக்கி, குறைந்துபோன இட ஒதுக்கீட்டு இடங்களைச் சேர்த்து வெளிப்படையான தேர்வில் நிரப்ப வேண்டும். முதலாவதை மட்டும் கேட்கும் சங்கம், சுவருக்கு வெளியே நிற்கும் இளைஞனை எதிரியாக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் நம் உறுப்பினர்களில் சிலருக்கு இது கசக்கும் என்பது எனக்குத் தெரியும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

அண்மைய தீர்ப்புகளைப் பற்றிப் பலர் உற்சாகமாகப் பேசுகிறார்கள். காரணம் உண்டு. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியரின் வேலையையே செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கு. மத்திய நீர் ஆணையத்தின் அலுவலகத்தில் துப்புரவுப் பணியும் தோட்டப் பணியும் ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களைத் தீர்ப்பாயத்தில் தோற்ற பிறகு முன்னறிவிப்பின்றி வெளியேற்றியிருந்தார்கள். உமாதேவி தீர்ப்பை ஊழியருக்கு எதிரான ஆயுதமாக்காதீர்கள் என்று சொல்லி அவர்களை மீண்டும் எடுத்து நிரந்தரமாக்கச் சொன்னது நீதிமன்றம். 2025 ஆகஸ்ட் 19 அன்று தரம் சிங் வழக்கில், அடிப்படைப் பொதுப்பணிகளை அன்றாடம் செய்பவர்களின் முதுகில் அரசு தன் வரவு செலவைச் சரிக்கட்டக் கூடாது என்று கூறி, பணியிடம் இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது எடுங்கள் என்றது. பணியிடம் இல்லை என்ற சாக்கு அந்த ஒரு வழக்கில் முறிந்தது.

இருந்தாலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஜக்கோவும் தரம் சிங்கும் இரு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்புகள். உமாதேவி ஐவர் அமர்வின் தீர்ப்பு, அது இன்னும் நிற்கிறது. ஒவ்வொருவர் வழக்கும் அவரவர் நியமன ஆணை, தகுதி, பணிக்காலம் ஆகியவற்றைப் பொறுத்தே தீர்மானமாகும். வழக்குப் போட்டால் நிரந்தரம் நிச்சயம், தலைக்கு இவ்வளவு கொடுங்கள் என்று வசூலிக்கும் ஆட்கள் பல ஊர்களில் கிளம்பியிருக்கிறார்கள். நம் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரேனும் அப்படி வந்தால் உடனே கட்சிக் கிளைக்குத் தெரிவியுங்கள்.

செய்ய வேண்டிய வேலை மெதுவானது, அலுப்பூட்டுவது. ஒவ்வொரு ஊழியரும் தன் முதல் நியமன ஆணையையும் ஒவ்வொரு புதுப்பித்தல் ஆணையையும் நகலெடுத்து வீட்டில் வைத்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஊதியம் வரவு வைத்த பக்கங்கள், வருங்கால வைப்பு நிதி பிடித்தம் இருந்தால் அதன் விவரம், பெயர் எழுதிய பணிப் பகிர்வுச் சுற்றறிக்கை, எல்லாம் சான்று. பஞ்சாப், ஹரியானாவில் 89 நாள் நியமனம் என்பது பழகிப்போன சொல். 89 நாள் முடிந்ததும் ஓரிரு நாள் இடைவெளி விட்டு மறுபடி எடுப்பார்கள். அத்தகைய செயற்கை இடைவெளியில் வேலை வாங்கினால் அந்த நாட்களையும் குறித்து வையுங்கள். சரியான சான்று இல்லாத காரணத்தால் பன்னிரண்டு ஆண்டு உழைத்தவர் மூன்று ஆண்டுக்காரராக ஆகிவிடுவதுண்டு.

மாவட்டந்தோறும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். இதை உள்ளே வேலை பார்ப்பவர் பெயரில் கேட்க வேண்டாம். வெளியே உள்ள தோழர்கள், வழக்கறிஞர் சங்கத் தோழர்கள் கேளுங்கள். நீதிமன்றம் என்பதால் கட்டணமும் படிவமும் அந்தந்த உயர் நீதிமன்ற விதிப்படி மாறும், பார்த்து அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அந்த எண்ணிக்கை கையில் இல்லாமல் சட்டமன்றத்தில் நம் உறுப்பினர் எழுந்து நின்றால் அமைச்சர் ஒரு வரியில் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

நிரந்தர ஊழியர் சங்கங்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. பல இடங்களில் அவர்களுடைய சங்க விதியில் தற்காலிக ஊழியர் உறுப்பினராக இடமில்லை. ஒரே அறையில் ஒரே கட்டைத் தூக்குபவர்களில் ஒருவர் சங்கத்திற்கு உள்ளே, ஒருவர் வெளியே. அந்த விதியைத் திருத்தும்படி நம் தோழர்கள் அங்கே தீர்மானம் கொண்டுவர வேண்டும். தோற்றாலும் அடுத்த ஆண்டு மீண்டும் கொண்டுவாருங்கள்.

கூட்டத்திற்கு வர அஞ்சுபவர்களைச் சந்திக்க நாம்தான் போக வேண்டும். நான் முதலில் சொன்ன அந்தத் தட்டச்சரின் வீட்டில் வரும் ஞாயிறு மாலை ஆறு பேர் கூடுகிறார்கள். அவர்களில் இருவருடைய முதல் நியமன ஆணை தொலைந்துவிட்டது, அதற்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். வழக்கறிஞர் தோழர் ஒருவர் என்னுடன் வர வேண்டும். யார் வருகிறீர்கள் என்று இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.